திருத்தப்பட்ட கட்டுரையை மீண்டும் எழுதுவது எப்படி?

கட்டுரை நோட்டுகளைத் திருத்தி வகுப்பில் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காண்கிறேன். மாணவர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டி மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணையும் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்று கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பின் நோட்டுகளைத் திருத்த ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகிறது. அந்த உழைப்பு அரை நிமிடத்தில் பைக்குள் போய்விடுகிறது. அடுத்த மாதக் கட்டுரையில் அதே ‘சுவற்றில்’, அதே ‘பறவைகள் பறந்தது’, அதே முன்னுரை மீண்டும் வந்து நிற்கின்றன.

மாணவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. திருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதே இல்லை. திருத்தப்பட்ட கட்டுரையை அதை எழுதிய மாணவரே மீண்டும் ஒரு முறை எழுதினால்தான் அந்தத் திருத்தம் அவருடையதாகும் என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்பதை, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் தமிழ்க் கட்டுரை எழுதும் மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

திருத்துவதற்கு உரிய ஒன்றை எழுதுங்கள்

ஆசிரியரின் கருத்துரை பயன்பட வேண்டுமென்றால், அவர் கையில் கொடுப்பது உங்கள் எழுத்தாக இருக்க வேண்டும். கைடிலிருந்து மனப்பாடம் செய்த கட்டுரையை எழுதிக் கொடுத்தால், ஆசிரியர் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் அந்தக் கைடை எழுதியவருக்கே போய்ச் சேரும். உங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. மனப்பாடக் கட்டுரையில் பிழை குறைவாக இருக்கலாம், மதிப்பெண்ணும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது. மாதத்தில் ஒரு கட்டுரையையாவது எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், பிழை வந்தாலும் வரட்டும் என்று எழுதுங்கள். ஐந்து பிழைகளோடு நீங்களே எழுதிய ஒரு பக்கத்திலிருந்து கிடைக்கும் பயன், பிழையே இல்லாமல் பார்த்தெழுதிய நான்கு பக்கங்களிலிருந்து கிடைக்காது.

எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, சொல்ல நினைப்பவற்றை ரஃப் நோட்டில் துண்டு துண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச்சட்டகம் போடுவதை எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் என்ன வரும் என்பதை எழுதத் தொடங்கிய பிறகே பலர் யோசிக்கிறார்கள். ஒவ்வோர் உட்தலைப்புக்கும் எதிரே, நீங்கள் கண்ணால் கண்ட அல்லது உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியைக் குறித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வரி இடம் விடுங்கள். இடப்பக்கம் அகலமாக ஓரம் விடுங்கள். இடம் இல்லாத தாளில் எந்த ஆசிரியராலும் விரிவாக எழுத முடியாது, ‘பிழை’ என்று வட்டம் போட மட்டுமே முடியும்.

மதிப்பெண்ணை மறைத்துவிட்டுப் படியுங்கள்

நோட்டு திரும்பி வந்ததும் மதிப்பெண் இருக்கும் இடத்தை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிடுங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இதற்குக் காரணம் உண்டு. ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்றை 1988-இல் வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் முன்னேறினர். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். மதிப்பெண் கண்ணில் பட்டதும் கருத்துரை காதில் விழுவதில்லை என்பதை வகுப்பறையில் நானும் பல முறை கண்டிருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் முதல் வரைவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. மீண்டும் எழுதிக் கொண்டுவந்த பிறகே போடுகிறேன்.

முதல் நாள் ஒரு முறை முழுவதும் படித்துவிட்டு நோட்டை மூடி வையுங்கள். சிவப்பு மை மனத்தை வருத்துவது இயல்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதன் மேல் கோடுகள் விழுந்திருப்பதைப் பார்த்தால் எவருக்கும் வலிக்கும். அந்த வலியோடு உடனே திருத்த உட்கார்ந்தால், எதிர்வாதம் செய்யத்தான் மனம் போகும். மறுநாள் பென்சிலோடு உட்காருங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் முதல் தர மாணவருக்கு அன்னத்தோடு பசுவையும் உவமையாகச் சொல்கிறார். கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு என்று உரைகள் அதை விளக்குகின்றன. கடைசித் தரத்துக்கு அவர் சொல்லும் உவமைகளுள் ஒன்று நெய்யரி, அதாவது பன்னாடை. அது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. கருத்துரையைக் கைவிட்டு, ‘குறைத்துவிட்டார்’ என்ற மனத்தாங்கலை மட்டும் வைத்துக்கொள்ளும்போது நாம் அதைத்தான் செய்கிறோம்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே பென்சிலால் ஓர் எழுத்துக் குறி இடுங்கள். எழுத்துப் பிழை, சந்திப் பிழை ஆகியவற்றுக்கு ‘எ’. தொடர் அமைப்பில் உள்ள பிழைக்கு ‘தொ’. கருத்திலோ பத்திகளின் வரிசையிலோ உள்ள குறைக்குக் ‘க’. ஆசிரியர் வெறும் அடிக்கோடு இட்டிருந்தாலும், கேள்விக்குறி போட்டிருந்தாலும், ‘விளக்குக’, ‘பத்தி பிரி’, ‘பொருத்தமில்லை’ என்று எழுதியிருந்தாலும் அது இந்த மூன்றில் எதில் சேரும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய முடியாதவை இரண்டு மூன்று இருக்கும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை அவைதாம்.

திருத்தும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் ஒற்றெழுத்துகளைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் எளிது. ‘க’ என்று குறித்தவற்றையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியையே நீக்க வேண்டியிருந்தால், அந்தப் பத்தியில் உள்ள சந்திப் பிழைகளைத் திருத்துவது வீண் வேலை.

கருத்தில் உள்ள குறை: ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்

‘இன்னும் நன்றாக எழுதலாம்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால், எது நன்றாக இல்லை என்று மாணவருக்குத் தெரிவதில்லை. இதற்கு நம் மொழியிலேயே மிகப் பழைய, மிகத் துல்லியமான ஒரு பட்டியல் இருக்கிறது. நன்னூலின் பாயிரப் பகுதி ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நூல் செய்வோருக்குச் சொன்னவை இன்றைய பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுக்கு அப்படியே பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் இவற்றை இலக்கணப் பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர், தன் கட்டுரையின் மேல் ஒரு முறைகூட வைத்துப் பார்ப்பதில்லை.

நீர்வளம் பற்றிய கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தொடர்களைச் சேர்த்து ஒரு பத்தி தருகிறேன்.

“நீரின்றி அமையாது உலகம் என்று வள்ளுவர் கூறினார். நீர் மிகவும் முக்கியமானது. நீர் இல்லாமல் மனிதர்கள் வாழ முடியாது. விலங்குகளும் வாழ முடியாது. எனவே நீர் நமக்கு மிகவும் அவசியம். இன்று ஏரிகள் அழிக்கப்பட்டது. மரங்களும் வெட்டப்பட்டது. மரங்கள் நமக்கு ஆக்சிஜன் தருகிறது. ஆகவே மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்.”

முதல் தொடரே மேற்கோள் பிழை. குறளில் இருப்பது ‘நீரின்று அமையாது உலகெனின்’ என்பது. ‘எனின்’ என்ற சொல்லை விட்டுவிட்டதால் வள்ளுவரின் வாதமே பாதியில் அறுந்துபோகிறது. நீர் இல்லாமல் உலகம் அமையாது என்றால், அந்த நீரின் ஒழுக்கும் வான் இல்லாமல் அமையாது என்பது முழுக் கருத்து. பரிமேலழகரும் ‘ஒழுக்கு’ என்பதை நீர் இடையறாது ஒழுகுவது என்றே கொள்கிறார். மழையைப் பற்றிச் சொல்ல வந்த குறளை, மழையே இல்லாமல் மேற்கோள் காட்டுகிறோம்.

அடுத்த நான்கு தொடர்கள் ஒரே செய்தியை நான்கு விதமாகச் சொல்கின்றன. இது கூறியது கூறல். ‘ஏரிகள் அழிக்கப்பட்டது’ என்ற இடத்தில் எந்த ஏரி, யாரால், எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லை. இது குன்றக் கூறல். இந்த இரண்டும் ஒரே பத்தியில் சேர்ந்து வருவது வழக்கம், ஏனென்றால் சொல்வதற்குச் செய்தி இல்லாதபோதுதான் சொன்னதையே திரும்பச் சொல்கிறோம். நீரைப் பற்றிய பத்தியில் ஆக்சிஜன் வந்தது மற்றொன்று விரித்தல். முழக்கத்தோடு முடிந்தது சென்று தேய்ந்து இறுதல். பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை மூன்று முறை வந்திருக்கிறது. அது தொடர்ப் பிழை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் இவ்வளவையும் எழுத மாட்டார். ஓரத்தில் ‘செய்தி போதவில்லை’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியிலிருந்து மேலே சொன்னவற்றை எடுப்பது மாணவரின் வேலை. அந்த வேலையைச் செய்த ஒருவரின் மறுவரைவு இப்படி அமையலாம்:

“‘நீரின்று அமையாது உலகெனின்’ என்று தொடங்கும் குறளில் வள்ளுவர், நீர் இல்லாமல் உலகம் இல்லை என்பதோடு நிறுத்தாமல், அந்த நீரும் மழை இல்லாமல் ஓடாது என்று சொல்லி முடிக்கிறார். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அந்த ஆண்டில் எங்கள் ஊர் ஏரியிலும் மாடுகள் மேய்ந்தன. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலில் மூன்று இடங்களில் மண்ணைக் கொட்டி வழி போட்டிருப்பதை என் தாத்தா காட்டினார். மழை பெய்தும் ஏரி நிரம்பாததற்கு அதுவே காரணம் என்றார்.”

இரண்டாவது பத்தியில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சிறப்பாக்கியது செய்திதான். ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, ஆண்டு இருக்கிறது, வரத்து வாய்க்கால் என்ற உரிய சொல் இருக்கிறது, எழுதியவரின் தாத்தா இருக்கிறார். ‘அரசு மழைநீர் சேகரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது’ என்று பொதுவாக எழுதும் இடத்தில், ‘தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது, எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் அது இன்றும் இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்தேன்’ என்று எழுதினால் கட்டுரையே வேறாகிவிடும். ‘செய்தி போதவில்லை’ என்று ஆசிரியர் எழுதினால், இன்னும் இரண்டு பொன்மொழிகளைத் தேடிப் போகாதீர்கள். எழுந்து போய் ஏரியைப் பாருங்கள், அல்லது பார்த்தவரிடம் கேளுங்கள்.

பத்துக் குற்றங்களில் இன்னொன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘ஆசிரியர் மாணவரிடம் தம் நோட்டைக் கொடுத்தார்’ என்று எழுதினால் நோட்டு யாருடையது? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இது மயங்க வைத்தல். ஆசிரியர் வெறும் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தக் குறையே இருக்கும்.

பிழைப் பதிவேடு

எழுத்து, சந்தி, தொடர்ப் பிழைகளுக்கு ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பிழைக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: நாள், நீங்கள் எழுதிய வடிவம், திருந்திய வடிவம், பிழை ஏன் வந்தது என்ற காரணம். அதற்குக் கீழே அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு தொடர். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் பழைய வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை எழுதிக்கொண்டே போகும், மனம் வேறெங்கோ இருக்கும். காரணத்தை ஒரு முறை எழுதுவது அதைவிடப் பயன் தருகிறது.

‘சுவற்றில்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும், கயிறு கயிற்றில் என்றும் மாறுகின்றன, ஏனென்றால் அவை ‘று’ என்று முடிகின்றன. சுவர் என்பது ‘ர்’ என்று முடிகிறது; எனவே அது ‘சுவரில்’ என்றே வரும். பேச்சில் ‘சுவத்துல’, ‘கிணத்துல’ என்று இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் எழுத்திலும் ஒன்றாக்கிவிடுகிறோம். இந்தக் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிய மாணவி ஒருவர், அடுத்த வாரமே ‘மலரில், மலற்றில் என்று யாரும் எழுதுவதில்லையே, இதுவும் அப்படித்தானே ஐயா’ என்று தாமாகவே சொன்னார். அந்தப் பிழை அவர் கட்டுரைகளில் பிறகு வரவேயில்லை.

காரணம் தேடும்போது உங்கள் பேச்சைக் கவனியுங்கள். தென் மாவட்டங்களில் பலர் ‘ழ’வை ‘ள’வாக ஒலிக்கிறார்கள். ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் நம்மில் பெரும்பாலோர் பேச்சில் வேறுபாடே காட்டுவதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காது உதவாத இடத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஆகையால் இத்தகைய சொற்களைப் பொருளோடு இணைத்துப் பதியுங்கள்: வலி உடம்பில், வழி தெருவில், வளி காற்றில், ஆற்றுக்குக் கரை, துணியில் கறை.

சந்தியில் எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் கற்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். நான்கு இடங்களிலிருந்து தொடங்குங்கள். ‘ஐ’ உருபு வெளிப்படையாக வரும் இடம்: பாடத்தைப் படித்தேன். ‘கு’ உருபு வரும் இடம்: பள்ளிக்குச் சென்றேன். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்: அந்தப் பையன். அகரத்திலோ இகரத்திலோ முடியும் வினையெச்சத்தின் பின்: வரச் சொன்னார், ஓடிப் போனார். இந்த நான்கையும் சரிசெய்துவிட்டால் ஒரு பக்கத்தில் உள்ள சந்திப் பிழைகளில் பெரும்பகுதி மறைந்துவிடும். மிகக் கூடாத இடத்தில் ஒற்றைச் சேர்ப்பதும் பிழையே. ‘வந்த பையன்’ என்ற பெயரெச்சத்தில் வல்லெழுத்து மிகாது. ஒற்று வெறும் அலங்காரம் இல்லை, அது பொருளையே மாற்றும். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான்.

தொடர்ப் பிழையில் முதலில் கவனிக்க வேண்டியது எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு. ‘பறவைகள் பறந்தன’, ‘மரங்கள் வெட்டப்பட்டன’, ‘ஒவ்வொரு மாணவரும் வந்தார்’. நீளமான தொடர்களில் எழுவாய் தொடக்கத்திலும் பயனிலை கடைசியிலும் இருப்பதால், நடுவில் உள்ள சொற்கள் எழுவாயை மறக்கச் செய்துவிடுகின்றன. சந்தேகம் வந்தால் எழுவாயையும் பயனிலையையும் மட்டும் எடுத்துச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்: அது உண்மை அன்று, அவை உண்மை அல்ல.

ஆசிரியரிடம் கேட்பது

நன்னூல் மாணவரின் பயிற்சி முறையைச் சொல்லும்போது பாடத்தைப் போற்றுவது, கேட்டவற்றை நினைப்பது ஆகியவற்றோடு வினாவுவதையும், வினாவியவற்றுக்கு விடை சொல்வதையும் கடமையாகவே சேர்க்கிறது. ஆனால் கட்டுரை நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போவதற்குப் பல மாணவர்கள் தயங்குகிறார்கள். மதிப்பெண் கேட்க வந்ததாக ஆசிரியர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சமே முதல் காரணம். அதனால் கேள்வியை அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் அமைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயா, ஏன் எனக்கு மதிப்பெண் குறைந்தது’ என்று கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ‘அம்மா, மூன்றாம் பத்தியில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். ஏரி யாருடைய பொறுப்பு என்று நான் சொல்லாததாலா, அல்லது தொடர் புரியவில்லையா’ என்று கேட்டால், ஆசிரியர் ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். நீங்கள் ஏற்கெனவே யோசித்து வந்திருக்கிறீர்கள் என்பதும் அவருக்குப் புரியும்.

எட்டாம் வகுப்பில் என் கட்டுரையின் கீழே ‘சொந்தமாக எழுது’ என்று ஒரு முறை குறிப்பு வந்தது. அதை நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. பழி சுமத்தப்பட்டதாக நினைத்து ஒரு மாதம் மனத்துக்குள் புழுங்கினேன், கேட்கவில்லை. ஆண்டுகள் கழித்து அந்த நோட்டைப் பழைய பெட்டியில் கண்டபோது அக்குறிப்பின் பொருள் விளங்கியது. அதிலிருந்த ஒவ்வொரு தொடரும் எங்கோ படித்ததாகவே இருந்தது. ‘இயற்கை அன்னை’, ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘சொல்லில் அடங்காது’ என்று மற்றவர்களின் சொற்கள்தாம் வரிசையாக நின்றன. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே அது புரிந்திருக்கும்.

ஆசிரியரின் திருத்தம் தவறு என்று உங்களுக்குத் தோன்றும் இடங்களும் வரும். ‘நாட்கள்’ என்று எழுதியதை ‘நாள்கள்’ என்றோ, ‘வாழ்த்துக்கள்’ என்பதை ‘வாழ்த்துகள்’ என்றோ அவர் மாற்றியிருக்கலாம். நீங்கள் நாளிதழில் வேறு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய சொற்களில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேளுங்கள். அவர் விளக்கத்தை ஏற்க முடியாவிட்டாலும் அந்த வகுப்பில் அவர் சொல்லும் வடிவத்தைப் பின்பற்றுங்கள், பதிவேட்டில் இரண்டு வடிவங்களையும் எழுதி வையுங்கள். நான் திருத்தியதே தவறு என்று மாணவர்கள் அகராதியோடு வந்து காட்டிய நாள்கள் உண்டு; அவை எனக்கு நிறைவளித்த நாள்கள்.

மீண்டும் எழுதுவது

இரண்டாம் வரைவை நோட்டு திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் போனால், எழுதியபோது என்ன நினைத்தீர்கள் என்பதே மறந்துவிடும். பழைய தாளைப் பார்த்துத் திருத்தங்களை மட்டும் மாற்றிப் படியெடுப்பது மீண்டும் எழுதுவது ஆகாது. குறைகளைக் குறித்த பட்டியலை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, பழைய கட்டுரையை மூடிவிட்டு எழுதுங்கள். நல்ல தொடர்கள் தாமாகவே திரும்ப வரும். வராதவை பெரும்பாலும் வர வேண்டாதவையாக இருக்கும்.

தாளின் தலைப்பில் இரண்டு வரி எழுதுங்கள்: ‘இம்முறை ஏரி பற்றிய செய்திகளைச் சேர்த்திருக்கிறேன், முடிவுரையை மாற்றியிருக்கிறேன், இரண்டாம் பத்தி இன்னும் எனக்கே நிறைவாக இல்லை.’ பழைய வரைவையும் இணைத்தே கொடுங்கள். இந்த இரண்டு வரி ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தும். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குக் காட்டும். எல்லா ஆசிரியரும் இரண்டாம் முறை படிக்க முன்வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து வகுப்புகளின் நோட்டுகள் மேசையில் குவிந்திருக்கும் ஒருவரிடம் முழுக் கட்டுரையையும் நீட்டாமல், ஒரு பத்தியை மட்டும் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

கொடுப்பதற்கு முன் உரக்கப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் தொடர் நீண்டுவிட்டது என்று பொருள். நாக்குத் தடுக்கும் இடத்தில் ஏதோ ஒரு சொல் இடம் மாறி நிற்கிறது என்று பொருள். ஒரு நண்பரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் நீங்கள் படித்தால் விட்டுப்போன சொல்லையும் சேர்த்தே படித்துவிடுவீர்கள். நண்பரிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் உனக்குப் புரியவில்லை’ என்று கேளுங்கள். பெற்றோரும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொன்னால் போதும். அவர்களே கட்டுரையை எழுதிக் கொடுப்பது மனப்பாடக் கட்டுரையின் இன்னொரு வடிவம்தான்.

மூன்றாம் முறை எழுத வேண்டுமா என்பது கட்டுரையைப் பொறுத்தது. ஒரு பாடத்தை இரண்டு முறை கேட்பவருக்குப் பெரும்பாலும் பிழை நேராது, மூன்று முறை கேட்பவர் முறையறிந்து பிறருக்கே எடுத்துரைப்பார் என்று நன்னூல் சொல்வது எழுத்துக்கும் பொருந்துவதாகவே கண்டிருக்கிறேன். ஆனால் எல்லாக் கட்டுரைகளையும் மூன்று முறை எழுத எவருக்கும் நேரம் இராது. பருவத்துக்கு ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் மூன்றாம் வரைவு வரை கொண்டுபோங்கள். மற்றவற்றுக்கு இரண்டு போதும்.

தேர்வறையில் மறுவரைவுக்கு இடமில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை, கடிதம், காட்சியைக் கண்டு கவினுற எழுதுதல் என்று சொந்தமாக எழுத வேண்டியவை பல உள்ளன. வினாத்தாளைப் படிக்கத் தரப்படும் முதல் பத்து நிமிடத்தில் கட்டுரைக்கான செய்திகளை மனத்தில் வரிசைப்படுத்திவிடுங்கள். எழுதத் தொடங்கிய பின் அதற்கு நேரம் கிடைக்காது. தேர்வுக்கு முந்திய மாலையில் பிழைப் பதிவேட்டைப் புரட்டி, அந்த ஆண்டில் உங்களிடம் அதிகமாக வந்த மூன்று பிழைகளை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதி இரண்டு முறை படித்துவிட்டு, அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் விடைத்தாள் முழுவதையும் படிக்க முயலாமல், அந்த மூன்றை மட்டும் தேடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுங்கள். ஒருவருக்கு அது ‘ஐ’க்குப் பின் விட்டுப்போன ஒற்றாக இருக்கும், இன்னொருவருக்குப் ‘பறவைகள் பறந்தது’ ஆக இருக்கும். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஐந்து நிமிடம் போதும்.